வியாசர்பாடி காற்றில் பிளாட்டினம் இருக்கா? ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கை எடை போடுவது எப்படி?

வியாசர்பாடியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் துடைத்த ஜன்னல் கம்பி சாயங்காலத்துக்குள் மறுபடியும் கறுத்துவிடும். வடக்கே மணலியும் எண்ணூரும். கிழக்கே துறைமுகம். பக்கத்திலேயே கொடுங்கையூர் குப்பைமேடு. நடுவில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும் கன்டெய்னர் லாரிகள். அந்தக் கறுப்புத் தூசியில் என்னவெல்லாம் இருக்கும் என்று கேட்டால் புகை, மண், நிலக்கரிச் சாம்பல், டயர் துகள் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம்.

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று சொல்வோமா? தங்கத்தோடு விலையில் போட்டி போடுகிற உலோகங்கள் இவை. ரோடியம் 2021-ல் ஒரு அவுன்ஸ் 25,000 டாலரையே தாண்டியது. இவ்வளவு விலை உயர்ந்த உலோகங்கள் நகரத்துத் தூசியில் கலந்திருக்கின்றன என்பதை உலகின் பல நகரங்களில் ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இது எங்கிருந்து வருகிறது? எப்படி அளக்கிறார்கள்? உடம்புக்கு ஆபத்தா? இதனால் வடசென்னைக்காரர்களுக்கு என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிளாட்டினம் காற்றுக்கு எப்படி வந்தது?

பதில் உங்கள் வண்டியின் சைலன்சர் பக்கத்தில் இருக்கிறது. பெயர் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்.

இது பார்க்க ஒரு சின்ன டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான நுண் துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். அந்தத் துளைகளின் சுவர்களில் அலுமினா பூச்சு, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக இந்த மூன்று உலோகங்கள். எஞ்சினிலிருந்து வரும் சூடான புகை இதன் வழியாகப் போகும்போது, பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் எரித்துவிடுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து சாதாரண நைட்ரஜனாக மாற்றுவது ரோடியத்தின் வேலை. நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் இந்த நச்சு வாயுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிடும்.

ஒரு கார் கன்வெர்ட்டரில் இந்த உலோகங்கள் மொத்தமாகச் சில கிராம்தான் இருக்கும். வண்டி குலுங்கும், புகை சுடும், எஞ்சின் சில நேரம் சரியாக எரியாமல் திணறும். இதெல்லாம் சேர்ந்து பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் சில நானோகிராம் முதல் நூறு நானோகிராம் வரை வெளியே போகலாம் என்கின்றன ஆய்வுகள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் 1975-ம் ஆண்டு மாடல் கார்களில் இது பரவலாக வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய 4 பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயம் ஆனது. ஈயம் இல்லாத பெட்ரோல் அதே நேரத்தில் அறிமுகமானது தற்செயல் இல்லை. ஈயம் பட்டால் கன்வெர்ட்டரின் பூச்சு செத்துவிடும். அதனால் கன்வெர்ட்டர் வேண்டுமென்றால் ஈயத்தை நிறுத்தியே ஆக வேண்டும். 2000-ம் ஆண்டில் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது.

குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயம் சாலைப் புகையிலிருந்து போனது. அந்த இடத்தில் மிக மிகக் கொஞ்சமாகப் பிளாட்டினம் வந்தது. இந்தப் பேரத்தில் நமக்கு லாபம்தான்.

எவ்வளவு இருக்கும்?

மெக்சிகோ நகரக் காற்றை அளந்த ஆய்வு ஒன்று, ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10 பிக்கோகிராம் பிளாட்டினம் இருப்பதாகச் சொன்னது. பல்லேடியமும் கிட்டத்தட்ட அதே அளவு. ரோடியம் இன்னும் குறைவு.

பிக்கோகிராம் என்றால்? ஒரு கிராமை ஒரு லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. 'லட்சம் கோடி' என்ற வார்த்தையை பட்ஜெட் நியூஸில்தான் கேட்டிருப்போம். இங்கே அதைத் தலைகீழாகப் போட வேண்டும்.

ஒரு கணக்கு போடலாம். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 15 கன மீட்டர் காற்றை சுவாசிக்கிறார் என்று வையுங்கள். மெக்சிகோ அளவுப்படி பார்த்தால் அவர் உள்ளே இழுப்பது 150 பிக்கோகிராம் பிளாட்டினம். இப்படியே ஒரு சவரன், அதாவது 8 கிராம் சேர வேண்டுமென்றால் அவர் 14 கோடி ஆண்டுகளுக்கு மேல் மூச்சு விட வேண்டும். டைனோசர் காலத்தில் ஆரம்பித்திருந்தால் இப்போது முடிந்திருக்கும்!

ஆனால் இந்தச் சின்ன அளவும் எவ்வளவு தூரம் போகிறது தெரியுமா? வாகனங்களே இல்லாத கிரீன்லாந்துப் பனியை ஆய்வு செய்த விஞ்ஞானிகள் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1990-களின் நடுவில் விழுந்த பனியில் இந்த உலோகங்களின் அளவு, சுமார் 7,000 ஆண்டுகள் பழைய பனிக்கட்டியில் இருந்ததைவிட 40 முதல் 120 மடங்கு அதிகம்.

இந்தியாவில் யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் (என்ஜிஆர்ஐ) விஞ்ஞானிகள், அந்த நகரத்துச் சாலைத் தூசியைச் சேகரித்து ஆய்வு செய்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வின்படி ஒரு கிராம் தூசியில் பிளாட்டினம் 1.5 முதல் 43 நானோகிராம் வரை இருந்தது. பல்லேடியம் அதிகபட்சம் 58 நானோகிராம்.

அப்போ ரோட்டைக் கூட்டினால் பிளாட்டினம் கிடைக்குமா என்று தோன்றும். சௌகார்பேட்டைப் பக்கம் போனவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. நகைப்பட்டறை வாசல்களில் தூசியைக் கூட்டி, சாக்கடை மண்ணை அரித்து, தங்கத் துகள் எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் வேல்ஸில் இருக்கும் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹேசல் பிரிச்சர்டு, சாலைத் தூசியிலிருந்து பிளாட்டினத்தை எடுக்கும் வழிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. ஹைதராபாத்தின் அதிகபட்ச அளவை எடுத்துக்கொண்டால்கூட, ஒரு டன் தூசியில் 43 மில்லிகிராம்தான் பிளாட்டினம். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தாதுவில் ஒரு டன்னுக்குச் சில கிராம் இந்த வகை உலோகங்கள் இருக்கும். கிட்டத்தட்ட 100 மடங்கு வித்தியாசம். எனவே துடைப்பத்தோடு ரோட்டுக்கு ஓட வேண்டாம்.

காற்றில் இருப்பதை எப்படிப் பிடிக்கிறார்கள்?

முதல் வேலை, காற்றை வடிகட்டுவது. ஒரு ஆள் உயரக் கூண்டுக்குள் மோட்டார் இருக்கும். அது நிமிடத்துக்கு 1 கன மீட்டருக்கு மேல் காற்றை இழுத்து, குவார்ட்ஸ் இழையால் ஆன வெள்ளைத் தாள் வழியாக விடும். 24 மணி நேரத்தில் சுமார் 1,600 கன மீட்டர் காற்று போகும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகியிருக்கும். வடசென்னையில் என்றால் அடர் சாம்பல்.

ஒரு கன மீட்டருக்கு 10 பிக்கோகிராம் என்றால், அந்த ஒரு நாள் தாளில் சிக்கியிருக்கும் பிளாட்டினம் 16 நானோகிராம். காற்றில் பிஎம் 10 தூசி 100 மைக்ரோகிராம் இருக்கிற நாளில், தாளில் சேரும் தூசியில் கோடியில் ஒரு பங்குதான் இது.

இரண்டாவது வேலை, கரைப்பது. பிளாட்டினம் லேசில் கரையாது. அதற்கு ராஜதிராவகம் வேண்டும். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கலவை, தங்கத்தையே கரைக்கக்கூடியது. தாளை அதில் போட்டு, மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றுவார்கள். வீட்டு அடுப்பின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வேலை, எண்ணுவது. ஐசிபி-எம்எஸ் என்ற கருவி இதற்கு உதவுகிறது. கரைசலை மெல்லிய சாரலாக்கி, பல ஆயிரம் டிகிரி சூட்டில் எரியும் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் விடுவார்கள். எல்லாப் பொருளும் உடைந்து அணுக்களாகி, மின்னூட்டம் பெறும். பிறகு எடை வாரியாக அவற்றைப் பிரித்து எண்ண வேண்டும். பிளாட்டினத்தை 195 என்ற எடையில் தேடுவார்கள். ரோடியம் 103.

அவ்வளவு சுலபமா?

இல்லை. சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. கருவிக்கு எடை மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. வேறு எதாவது அதே எடையில் வந்தால் அதையும் பிளாட்டினம் என்றே எண்ணிவிடும்.

பிரேக் கட்டைகள் தேயும்போது செம்பு தூசியாகப் பறக்கிறது. செம்பின் எடை 63. கருவிக்குள் இருக்கும் ஆர்கானின் எடை 40. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 103. அச்சு அசல் ரோடியம்!

அடுத்தது ஈயம். எடை 206. ஆனால் இரண்டு மின்னூட்டம் பெற்ற ஈய அணுவை கருவி பாதி எடையாகத்தான் பார்க்கும். 206-ல் பாதி 103. மறுபடியும் போலி ரோடியம்.

பிளாட்டினத்துக்கும் போலி உண்டு. மண்ணில் இருக்கும் ஜிர்கான் கனிமத்தில் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் 179 எடையோடு ஆக்சிஜனின் 16 சேர்ந்தால் 195.

பிரேக் தூசியும் மண்ணும் நிறைந்த எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை மாதிரி இடத்தில் இந்தப் போலிகள் அசலைவிடப் பல மடங்கு இருக்க வாய்ப்பு உண்டு. சரிபார்க்காமல் எண்ணினால் 'வியாசர்பாடியில் ரோடியம் மழை' என்று தலைப்பு போட்டுவிடலாம்!

இதைத் தவிர்க்கச் சில வழிகள் இருக்கின்றன. கரைசலை ஒரு பிசின் குழாய் வழியாக விட்டு, செம்பையும் ஈயத்தையும் ஹாஃப்னியத்தையும் முன்கூட்டியே பிரித்துவிடலாம். அல்லது நகைத் தொழிலில் காலங்காலமாகச் செய்கிற மாதிரி தூசியை உருக்கி, விலை உயர்ந்த உலோகங்களை மட்டும் ஒரு சிறு குண்டாகத் திரட்டி எடுக்கலாம். புவியியல் ஆய்வகங்களில் நிக்கல் சல்பைடு சேர்த்து உருக்கும் முறை பழக்கத்தில் உள்ளது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஆய்வகத்திலேயே பிளாட்டினப் பாத்திரங்கள் உண்டு. வேலை செய்பவர் விரலில் பிளாட்டினம் மோதிரம் இருந்தால்கூடக் கணக்கு கெட்டுவிடலாம். அதனால் காற்றே இழுக்காத ஒரு வெற்றுத் தாளையும் களத்துக்கு எடுத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து, அதே மாதிரி கரைத்து எண்ணுவார்கள். வெற்றுத் தாளில் வருகிற எண்ணைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் காற்றின் கணக்கு. யாராவது 'எங்க ஏரியா காற்றுல பிளாட்டினம் கண்டுபிடிச்சோம்' என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வெற்றுத் தாளில் எவ்வளவு வந்தது?

உடம்புக்கு ஆபத்தா?

உலோகமாக இருக்கும் பிளாட்டினம் பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனால்தான் நகை செய்கிறோம், இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரின் மின்முனைகளிலும் பயன்படுத்துகிறோம்.

குளோரின் சேர்ந்த பிளாட்டினம் உப்புகள்தான் பிரச்சினை. பிளாட்டினம் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களுக்கு இவற்றால் மூக்கில் நீர் வடிதல், ஆஸ்துமா, தோல் அரிப்பு வருவது பல ஆண்டுகளாகப் பதிவான விஷயம். உலக சுகாதார நிறுவனமும் 1991-ல் பிளாட்டினம் பற்றித் தனி ஆவணம் வெளியிட்டது. கரையும் பிளாட்டினம் உப்புகளுக்குப் பணியிட வரம்பு ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம். மெக்சிகோ நகரக் காற்றில் இருந்த மொத்த அளவே இதைவிட 2 லட்சம் மடங்கு குறைவு. வண்டியிலிருந்து வருவதிலும் பெரும்பகுதி கரையாத உலோகத் துகள்.

ஆக, பிளாட்டினத்துக்காக வியாசர்பாடி பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கத்தான் இந்த அளவீடு உதவும்.

அப்புறம் எதுக்கு அளக்கணும்?

வடசென்னையில் காற்று மாசு பற்றிய எந்தக் கூட்டத்திலும் ஒரே பாட்டுதான். அனல்மின் நிலையம் லாரியைக் கை காட்டும். லாரிக்காரர் ஆலையைக் கை காட்டுவார். ஆலை குப்பைமேட்டைக் காட்டும். ஜன்னல் கம்பியில் படிந்த தூசிக்குப் பெயர் எழுதியில்லை என்பதால் யாரும் மாட்டுவதில்லை.

உண்மையில் பெயர் எழுதியிருக்கிறது, உலோகங்களின் மொழியில். அதே ஒரு தாளை அதே கருவியில் போட்டால் இவ்வளவும் தெரியவரும்:

• பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருந்தால் கன்வெர்ட்டர் உள்ள வாகனம்
• செம்பு, ஆன்டிமனி, பேரியம் சேர்ந்து வந்தால் பிரேக் தூசி
• வனேடியமும் நிக்கலும் சேர்ந்து வந்தால் கப்பல்களிலும் கொதிகலன்களிலும் எரியும் கனரக எண்ணெய்
• ஆர்சனிக், செலினியம் கூடினால் நிலக்கரி
• சோடியம் என்றால் பெரும்பாலும் கடல் உப்பு

ஒவ்வொரு நாள் தாளிலும் இந்த உலோகங்களின் விகிதத்தைப் பார்த்து, மொத்தத் தூசியில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவதற்குப் பெயர் மூலப் பங்கீட்டு ஆய்வு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 6 இந்திய நகரங்களில் இதைச் செய்தது. சென்னையில் செய்தது ஐஐடி மெட்ராஸ். தொகுப்பு அறிக்கை 2011-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு பிஎஸ் 4, பிஎஸ் 6 என்று வண்டிகளும் எரிபொருளும் மாறிவிட்டன. 2020-லிருந்து கப்பல் எண்ணெயில் கந்தக வரம்பும் உலகம் முழுக்க இறுக்கப்பட்டது. பழைய கைரேகைகள் இன்றைக்கு அப்படியே பொருந்தாது.

பிளாட்டினத்தில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதிப்படி புதிய டீசல் லாரிகளிலும் பிளாட்டினம் பூசிய வினையூக்கி இருக்கிறது. பழைய லாரிகள் பலவற்றில் இல்லை. அதனால் துறைமுகம் போகிற ஒரு சாலையில் புகைக்கரி நிறைய, பிளாட்டினம் குறைவு என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அந்த ரோட்டில் பழைய வண்டிகள் அதிகம் ஓடுகின்றன என்பதற்கான குறிப்பாக அது இருக்கலாம். பிளாட்டினம் கூடி, புகைக்கரி குறைந்தால் அதுதான் நல்ல செய்தி.

போனில் வரும் ஏக்யூஐ இதைச் சொல்லாதா?

சொல்லாது. கொடுங்கையூர், ராயபுரம், மணலி ஆகிய இடங்களில் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் அவற்றின் எண்களைப் பார்க்கலாம். ஆனால் அவை தூசியின் எடையையும் வாயுக்களின் அளவையும்தான் சொல்கின்றன. 60 மைக்ரோகிராம் கடல் உப்பும் 60 மைக்ரோகிராம் நிலக்கரிச் சாம்பலும் அந்த எண்ணுக்கு ஒன்றுதான். நம் நுரையீரலுக்கு ஒன்றல்ல.

இந்தியாவின் காற்றுத் தரநிலை 2009 நவம்பரில் திருத்தப்பட்டபோது 12 மாசுகள் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றில் மூன்று, தாளைக் கரைத்துப் பார்த்தால்தான் தெரியும் தனிமங்கள். ஆண்டு சராசரியாக ஈயம் 0.5 மைக்ரோகிராம், நிக்கல் 20 நானோகிராம், ஆர்சனிக் 6 நானோகிராமுக்கு மேல் போகக் கூடாது. பிளாட்டினம் பட்டியலில் இல்லை. ஏக்யூஐ கணக்கில் ஆர்சனிக்கும் நிக்கலும்கூட இல்லை.

நிக்கலுக்கும் ஆர்சனிக்குக்கும் புற்றுநோயோடு தொடர்பு உண்டு. எண்ணெய் சுத்திகரிப்பு, அனல்மின், துறைமுகம் மூன்றும் சூழ்ந்த பகுதியில் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டின் கணக்கைத்தான். 2009-ல் மத்திய வாரியம் மணலியை 'கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதி' பட்டியலில் 76.32 புள்ளிகளோடு சேர்த்ததையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

தரநிலை விதியிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஆண்டு சராசரி என்று சொல்ல வேண்டுமானால் வாரம் 2 முறை, 24 மணி நேரம் வீதம், ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும். கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி போன்ற இடங்களில் தாள் வைத்து அளக்கும் நிலையங்கள் தேசியத் திட்டத்தின் கீழ் இயங்கிவந்துள்ளன. அந்தத் தாள்கள் பொதுச் சொத்து.

10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

1. கடந்த ஆண்டு என் பகுதிக்கு அருகில் உள்ள நிலையத்தில் எத்தனை நாள் அளவீடு எடுக்கப்பட்டது? 104 வந்ததா?
2. அவற்றில் எத்தனை தாள்களில் ஈயம், நிக்கல், ஆர்சனிக் ஆய்வு செய்யப்பட்டன? ஆண்டு சராசரி என்ன?
3. ஆய்வு முடிந்த தாள்களின் மிச்சப் பகுதி பாதுகாக்கப்படுகிறதா?

மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு தாளில் கொஞ்சம் வெட்டித்தான் கரைப்பார்கள். மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் பிளாட்டினம், வனேடியம், ஆன்டிமனி என்று இன்னொரு ஆய்வகம் எப்போது வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். இன்றைக்கு யார் புகை விட்டார்கள் என்பதற்கான சாட்சி அந்தத் தாளில் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டால் அந்த நாளின் காற்றைத் திரும்பப் பிடிக்க முடியாது.